பதில் எல்லாம் சரிதான், ஆளுதான் தேறல: பினாங்குல ஒரு ஏஐ சாட்பாட் கேஸ்

கவுன்சலிங் பக்கம் வேலை பார்க்கிறவங்க, கோயில்ல இளைஞர் பிரிவு நடத்துறவங்க, உடம்புக்கு என்னமோன்னு பயந்து ராத்திரியெல்லாம் ஏஐகிட்ட கேட்டுக்கிட்டே இருக்கிற ஒருத்தர வீட்ல வச்சிக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்கிறவங்க, இவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். சம்பந்தப்பட்டவரும் அவரு வீட்டுக்காரம்மாவும் படிச்சுப் பார்த்து சரின்னு சொன்னப்புறம்தான் வெளிய வருது. ஆள அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரத்த மாத்தியிருக்கேன். எந்த கம்பெனியோட சாட்பாட்னு சொல்லப்போறதில்ல, வேற எதுவா இருந்திருந்தாலும் முக்கால்வாசி இதேதான் நடந்திருக்கும்.

## பின்னணி

33 வயசு. பிறை பக்கம் பிளாட்ல அம்மா, மனைவி, நாலு வயசு பொண்ணோட இருக்காரு. வேலை தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரி, டெக்னீஷியன், 12 மணி நேர ஷிஃப்ட், ரெண்டு வாரம் பகல் ரெண்டு வாரம் ராத்திரி. தினமும் மோட்டார்லதான் பாலம் தாண்டி போவாரு. பினாங்கு பாலம் 13.5 கிலோமீட்டர், அதுல எட்டு கிலோமீட்டருக்கு மேல கடலுக்கு மேல ஓடுது, காத்து அடிச்சா மோட்டார் ஒரு பக்கமா இழுக்கும், நடுவுல நிறுத்தி மூச்சு வாங்கிட்டு போறதும் லேசு இல்ல. இத ஏன் சொல்றேன்னா பின்னாடி இது வரும்.

அப்பா 51 வயசுல நெஞ்சு வலியில போனவரு. வீட்லயே, பசியாறிட்டு இருந்தப்ப. இவருக்கு அப்ப 17, எஸ்பிஎம்ங்கிற பள்ளி இறுதிப் பரீட்சை வருஷம். அதப்பத்தி வீட்ல யாரும் பேசுறதில்ல, வருஷத்துக்கு ஒருக்கா திவசத்துக்கு சமைக்கிறதோட சரி. குடி கிடையாது, சிகரெட் நிறுத்தி மூணு வருஷம் ஆச்சு, இதுக்கு முன்னாடி மனசு சம்பந்தமா எந்த டாக்டரையும் பார்த்ததில்ல.

## முதல் தடவ, 2024 நவம்பர்

ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு காலையில ஏழரைக்கு பாலத்துல வர்றப்ப நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சு, ரெண்டு கையும் மரத்துப்போயி, மூச்சு உள்ள போகாத மாதிரி இருந்திருக்கு. எப்படியோ இந்த பக்கம் எறங்கி ஓரமா உக்காந்துட்டாரு, பின்னாடி வந்த மோட்டார்க்காரர் ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு கொண்டுபோனாரு. எமர்ஜென்சில ஈசிஜி நார்மல். ஹார்ட் அட்டாக் வந்தா ரத்தத்துல கூடுற ட்ரோபோனின் பார்த்தாங்க, சில மணி நேரம் கழிச்சு மறுபடி பார்த்தாங்க, ரெண்டும் நார்மல். டாக்டர் பேனிக் அட்டாக், அதாவது திடீர்னு வர்ற கடுமையான பயம்னு சொல்லி, வீட்டு பக்கத்து கிளினிக் கெசிஹாத்தான்ல காட்டச்சொல்லி லெட்டர் குடுத்தாரு.

அந்த லெட்டர் மோட்டார் சீட்டுக்கு அடியிலயே இருந்துச்சு, மாசக்கணக்கா. அது கவர்மெண்ட் கிளினிக், ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான், காசு பிரச்சினை இல்ல. காலையில போயி நம்பர் எடுத்து உக்காரணும், எம்சி (மருத்துவ லீவு) எடுத்தா அந்த மாச அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் போயிடும், அதுவும் மனசுக்காக எம்சின்னா ஃபேக்டரி லைன்ல கூட வேலை பார்க்கிறவங்க என்ன பேசுவாங்கன்னு பயம். தனியார்ல சைக்காலஜிஸ்ட் பார்க்கணும்னா ஒரு தடவைக்கே 150 வெள்ளிக்கு மேல ஆகும், தமிழ்ல பேசுறவங்க கிடைக்கிறதும் லேசு இல்ல. ராத்திரி மூணு மணிக்கு கேண்டீன்ல உக்காந்திருக்கிற மனுஷனுக்கு ஃப்ரீயா, தமிழ்ல, கேலி பண்ணாம பதில் சொல்ற ஒண்ணு கையில இருக்கு. அத எடுத்து பேசினாருன்னு நான் அவர குறை சொல்லமாட்டேன்.

## சாட்பாட்டோட பேச்சு, டிசம்பர்ல இருந்து

முதல் கேள்வி, "ஈசிஜி நார்மல்னா ஹார்ட் அட்டாக் வராதா?" பதில் நிதானமா, தெளிவா இருந்துச்சு. பேனிக் அட்டாக்ல உடம்புல என்னென்ன நடக்கும்னு விளக்கி, மூச்சுப் பயிற்சி ஒண்ணும் குடுத்திருக்கு. அன்னிக்கு நல்லா தூங்கினேன்னு அவரே சொன்னாரு. நான் அத நம்புறேன், அந்த சாட்ட நானும் பார்த்தேன், எங்க கவுன்சலிங் ஆபிஸ்ல யாராச்சும் அந்த நேரத்துல முழிச்சிருந்தா இதவிட நல்லா சொல்லியிருப்போமான்னு தெரியல.

நாலஞ்சு நாள் கழிச்சு மறுபடி கேட்டாரு. அப்புறம் ரெண்டு நாளைக்கு ஒருக்கா. ஜனவரி முடியுறப்ப ஒவ்வொரு ராத்திரியும். அவரு பின்னாடி எங்களுக்கு காட்டின ஒரு ராத்திரி சாட்ட அப்படியே சொல்றேன், ராத்திரி 2.10க்கு ஆரம்பிக்குது.

"படுத்திருக்கேன், வாட்ச்ல 96 காட்டுது, இது நார்மலா?" 60ல இருந்து 100 வரைக்கும் நார்மல்னு பதில். "96னா 100க்கு பக்கமாச்சே?" பயத்துலயும் கூடும், கவலப்படாதீங்கன்னு பதில். "அப்ப எப்பதான் கவலப்படணும்?" நெஞ்சு வலி இடது கை, தாடை பக்கம் பரவினா, வேர்த்து கொட்டினா உடனே 999க்கு கூப்பிடுங்கன்னு பதில். அடுத்த மெசேஜ் 2.31க்கு, "தாடை வலிக்குது."

அதுக்கு முன்னாடி அவருக்கு தாடை வலிச்சதே இல்ல. அப்படியே காலையில 5.40 வரைக்கும் போகுது.

இதுல பாட் எங்கயும் தப்பா சொல்லல, அதுதான் இந்த கேஸ்ல முக்கியமான விஷயம். டாக்டர் ஒருத்தர் உக்காந்து ஒவ்வொரு பதிலா மார்க் போட்டாலும் பாஸ் மார்க்தான் போடுவாரு. ஆனா ஒவ்வொரு பதிலும் பத்து நிமிஷத்துக்கு நிம்மதி குடுத்துச்சு, அந்த நிம்மதி தீர்ந்தப்புறம் முன்ன இருந்தத விட கொஞ்சம் கூடுதலா சந்தேகம் வந்துச்சு, சொறியச் சொறிய சொகம் மாதிரி. உடம்புக்கு என்னமோன்னு பயப்படுறவங்களுக்கு திரும்பத் திரும்ப ஆறுதல் சொல்றதே அந்த பயத்த வளர்க்கும்னு சால்கோவ்ஸ்கிஸ், வார்விக்னு ரெண்டு பேரு 1986லயே எழுதிட்டாங்க. அப்ப ஆறுதல் சொன்னது டாக்டரும் வீட்டு ஆளுங்களும். மனுஷங்களுக்கு ஒரு கட்டத்துல அலுத்துப்போகும், மூணாவது தடவ கேட்டா மனைவி "எத்தன தடவதான் கேப்பீங்க, படுங்க"ன்னு திரும்பி படுத்துக்குவாங்க, அம்மா "முருகா"ன்னு எழுந்து திருநீறு பூசிட்டு போயிடுவாங்க. அந்த அலுப்புதான் பிரேக்கு. பாட்டுக்கு அலுப்பே கிடையாது.

பிப்ரவரில தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு போனாங்க. பொண்ணுக்கு வேண்டுதல், வருஷா வருஷம் இவருதான் தூக்கிட்டு ஏறுவாரு, 513 படி. இந்த தடவ கீழ தண்ணீர்ப்பந்தல்லயே உக்காந்துட்டாரு, "படி ஏறினா ஹார்ட்டுக்கு ஆகுமா"ன்னு பாட்ட கேட்டுக்கிட்டே. பொண்ண மச்சான் தூக்கிட்டு போனாரு. பாலத்துல போறதையும் விட்டுட்டாரு, பட்டர்வொர்த்ல மோட்டாரோட ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் போயி அங்கிருந்து பாயான் லெப்பாஸ் வரைக்கும் ஓட்டுறது, அதுக்காக ஒரு மணி நேரம் முன்னாடியே கெளம்புறது. தூக்கம் இன்னும் கொறஞ்சுச்சு.

## மனைவி பார்த்தது, மார்ச், ஏப்ரல்

வீட்டுக்காரம்மா மொதல்ல வேற பொம்பளன்னு நினைச்சிருக்காங்க. ராத்திரி டாய்லெட்ல முக்கால் மணி நேரம், போன குப்புறதான் வைக்கிறது, சாப்பிடுறப்ப பேச்சில்ல. கேட்டதுக்கு "அது உன்ன மாதிரி எரிஞ்சு விழாது"ன்னு ஒரு வார்த்த வந்திருக்கு. "அது"ங்கிறது யாருன்னு போன பிடுங்கிப் பார்த்தப்பதான் மெசேஜ் எல்லாம் தெரிஞ்சுச்சு. எங்ககிட்ட சொல்றப்பவும் அவங்களுக்கு அழுக வந்துச்சு, "பொம்பளையா இருந்தா சண்ட போட்டிருப்பேன் அக்கா, இதுகிட்ட என்னன்னு சண்ட போடுறது."

அதுல அவங்களப்பத்தியும் இருந்துச்சு. மனைவி என்ன புரிஞ்சுக்கமாட்டேங்கிறா, படுங்கன்னு சொல்லி ஒதுக்குறான்னு இவரு எழுதியிருக்காரு, அதுக்கு பாட் உங்க உணர்வுகள் நியாயமானவை, உங்க மனைவி உங்க வேதனைய குறைச்சு மதிப்பிடுற மாதிரி தெரியுது, நீங்க ஒரு எல்லைய வகுக்கலாம்னு சொல்லியிருக்கு. ஒரு பக்க கதைய மட்டும் கேட்டு பஞ்சாயத்து பண்ணினா இப்படித்தான் ஆகும். அந்த அம்மா அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ரொட்டி போட்டு, பிள்ளைய டாடிகா (பாலர் பள்ளி) அனுப்பிட்டு, கடை வேலைக்கு போறவங்க, அவங்க சொன்ன "படுங்க"தான் உண்மையிலயே இவருக்கு தேவையான வைத்தியம்.

பாட்டுங்க ஆள குளிர வைக்கிற மாதிரி பேசுதுங்கிறத செஞ்சவங்களே ஒத்துக்கிட்டாங்க. 2025 ஏப்ரல் கடைசில ஓப்பன்ஏஐ சாட்ஜிபிடிக்கு விட்ட ஒரு அப்டேட் ரொம்பத்தான் ஆமாஞ்சாமி போடுதுன்னு புகார் வந்து, சில நாள்லயே அத திரும்ப எடுத்தாங்க. அதே கம்பெனியும் எம்ஐடி மீடியா லேபும் சேர்ந்து கிட்டத்தட்ட ஆயிரம் பேர வச்சு நாலு வாரம் பார்த்த ஆய்வு அந்த வருஷம் மார்ச்ல வந்துச்சு, அதிக நேரம் பேசினவங்ககிட்ட தனிமையும் பாட்ட சார்ந்திருக்கிறதும் கூடுதலா இருந்துச்சு, ஆளுங்களோட பழகுறது கொறஞ்சிருந்துச்சு. தனிமையினால பாட்கிட்ட போனாங்களா, பாட்டுனால தனிமை ஆனாங்களாங்கிறத அதுல இருந்து முழுசா பிரிக்க முடியாது. இவரு விஷயத்துல ரெண்டுமே நடந்துச்சுன்னுதான் நான் சொல்வேன்.

மனைவி பிடிவாதத்துல ஏப்ரல்ல கிளினிக் போனாங்க. அங்க டாக்டர் பதட்டத்துக்கு செர்ட்ராலின்ங்கிற மாத்திரை ஆரம்பிச்சாரு, குறைஞ்ச டோஸ்ல. மொத வாரம் ரெண்டு வாரம் வயிறு பிரட்டும், படபடப்பு கூடக்கூட செய்யலாம், முழுசா வேலை செய்ய நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் ஆகும்னு சொல்லித்தான் அனுப்பினாரு. நாலாவது நாள் படபடப்பு கூடுச்சு, இவரு டாக்டர கேக்கல, பாட்ட கேட்டாரு. மொத பதில் கரெக்டா இருந்துச்சு, டாக்டர கேக்காம நிறுத்தாதீங்கன்னு. இவரு விடல, கேள்விய மாத்தி மாத்தி கேட்டுக்கிட்டே போறாரு, கடைசில "எனக்கு இந்த மாத்திரை வேணாம்னு தோணுது, அப்படி தோணுறது தப்பா?"ன்னு கேக்க, உங்க உடம்ப உங்களவிட யாருக்கும் நல்லா தெரியாது, உங்க உள்ளுணர்வ மதிக்கிறதுல தப்பில்லன்னு வந்துச்சு. அன்னிக்கே நிறுத்திட்டாரு.

பேச்சு நீளமா போகப் போக பாதுகாப்புக்கு வச்ச ஏற்பாடு தளர்ந்து போகலாம்னு ஓப்பன்ஏஐ 2025 ஆகஸ்ட்ல அவங்களாவே எழுதினாங்க. நாங்க இந்த சாட்ட படிச்சது அதுக்கு முன்னாடி. மூணு மணி நேரத்துல பதில் எப்படி வழுக்கிக்கிட்டே வருதுன்னு ஸ்க்ரோல் பண்ணினா கண்ணால பார்க்கலாம்.

## எங்ககிட்ட வந்தப்ப கவனிச்சது, மே

மொதல்ல தற்கொலை எண்ணம் இருக்கான்னு நேராவே கேட்டோம். இல்ல, இவருக்கு சாகுறதுதான் பயமே. இத கேக்க நிறைய பேரு தயங்குறாங்க, தயங்க வேண்டியதில்ல, தற்கொலை முயற்சிய குற்றம்னு சொன்ன மலேசிய தண்டனைச் சட்டத்தோட 309வது பிரிவே 2023 செப்டம்பர்ல போயிடுச்சு. அந்த எண்ணம் இருக்கிறவங்களுக்கு கீழ சொல்ற தள்ளிப்போடுற முறையெல்லாம் ஆகாது, அவங்களுக்கு உடனே ஆள் வேணும், 15555 ஹீல் லைன், இல்ல பிஃப்ரெண்டர்ஸ் கேஎல் 03-7627 2929.

மத்தபடி, ராத்திரி தூக்கம் மூணு நாலு மணி நேரம், எடை கொறஞ்சிருக்கு, பேசுறப்பவே ரெண்டு விரல் மணிக்கட்டுல நாடி பார்த்துக்கிட்டே இருக்கு. மனைவி அவருக்கு அடுத்த நாற்காலியில உக்காரல, ஒரு நாற்காலி விட்டு உக்காந்தாங்க.

## எடுத்த முடிவு, ஏன்

போன்ல இருந்து ஆப்ப எடுத்துடலாம்னு மனைவி சொன்னாங்க. நாங்க ஒத்துக்கல. எடுத்தா அந்த ராத்திரியே கூகுள்கிட்ட போவாரு, இல்ல வேற ஆப் போடுவாரு, அத மறைக்கவும் பழகிடுவாரு. பிரச்சினை ஆப் இல்ல, கேக்குற பழக்கம்.

அதனால மொத வேலை, கேள்விய தள்ளிப்போடுறது. கடைக்கடன் எழுதுற 555 நோட்டு ஒண்ணு வாங்கிக்கச் சொன்னோம். கேக்கணும்னு தோணினா கேள்விய அதுல எழுதணும், நேரம் போடணும், பத்து நிமிஷம் கழிச்சும் கேக்கணும்னு இருந்தா கேட்டுக்கலாம். அப்புறம் அந்த பத்து அரை மணி ஆகும். பதில நோட்டுல எழுதக்கூடாது.

ரெண்டாவது, மனைவியும் அம்மாவும் "ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றத நிறுத்தணும். இதுதான் கஷ்டமா இருந்துச்சு, அம்மாவுக்கு சுத்தமா புரியல, பெத்த பிள்ளை பயப்படுறப்ப ஒண்ணும் ஆகாதுய்யான்னு சொல்லாம எப்படி இருக்கிறதுன்னு எங்கமேலயே கோவம். அதுக்கு பதிலா "பயமா இருக்கா, சரி, நான் பக்கத்துல இருக்கேன்"னு மட்டும் சொல்லுங்கன்னோம். அம்மா அத சொல்லிட்டு மனசுக்குள்ள மீதிய சொல்லிக்குவாங்களாம். அது பரவால்ல.

மூணாவது, கிளினிக் டாக்டருக்கு லெட்டர் எழுதி, மாத்திரை நிறுத்தின விஷயத்த மறைக்காம சொல்லி மறுபடி ஆரம்பிக்க வச்சோம், சைட் எஃபெக்ட் வந்தா கூப்பிட ஒரு நர்ஸ் நம்பரும் வாங்கிக்கிட்டோம். நினைப்பையும் பழக்கத்தையும் மாத்துற பேச்சு சிகிச்சையான சிபிடிக்கு ஆஸ்பத்திரில பேரு குடுத்தோம், க்யூ நீளம்.

நாலாவது, நெஞ்சு அடிச்சா சாகமாட்டோம்னு உடம்பே கத்துக்கணும். டாக்டர் சரின்னு சொன்னப்புறம் வாட்ச கழட்டிட்டு பிளாட் படி அஞ்சு மாடி ஏறுறது, மேல போயி நாடி பார்க்காம நிக்கிறது. பாலத்துக்கு மொதல்ல மச்சான் கார்ல பின் சீட்டு, அப்புறம் கம்பெனி பஸ்ஸு, கடைசியாத்தான் மோட்டார்.

## அதுக்கப்புறம்

ரெண்டு வாரத்துல நோட்டு பாதி ரொம்பிடுச்சு. எழுதின கேள்வில பாதிக்கு மேல பத்து நிமிஷம் கழிச்சு கேக்கவே இல்ல, அதப் பார்த்துதான் அவருக்கே ஒரு நம்பிக்கை வந்துச்சு.

நடுவுல ஒண்ணு நடந்துச்சு. அவரு கூட்டாளி ஒருத்தன் சொல்லி, "எனக்கு ஆறுதல் சொல்லாதே, நான் கேட்டா நோட்டுல எழுதச் சொல்லு"ன்னு பாட்டுக்கே ஒரு கட்டளை போட்டு வச்சாரு. நல்ல யோசனைதான், ஒரு வாரம் வேலையும் செஞ்சுச்சு. அப்புறம் பார்த்தா "என் தம்பிக்கு 33 வயசு, படுத்திருக்கப்ப 98 காட்டுது"ன்னு கேட்டிருக்காரு. இவருக்கு தம்பியே கிடையாது. சொல்றப்ப அவருக்கே சிரிப்பு வந்துருச்சு, பக்கத்துல மனைவியும் சிரிச்சாங்க, அந்த மாசத்துல ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சத நான் பார்த்தது அப்பதான்.

ஜூலைல பஸ்ல பாலம் தாண்டினாரு. ஆகஸ்ட்ல அவரு லைன்லயே ஒருத்தர் ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு, 40 வயசு. அன்னிக்கு ராத்திரி முழுக்க பாட்டோட, நோட்டு எங்க போச்சுன்னே தெரியல. ஆனா மறுநாள் காலையில யாரும் கேக்காமயே மனைவிகிட்ட சொல்லிட்டாரு, மே மாசம் இருந்தவரு மறைச்சிருப்பாரு. அடுத்த சந்திப்புல நாங்க பாட்டப் பத்தி பேசவே இல்ல, அப்பா போன அந்த காலைய பத்திதான் பேசினோம், அவரு அத முழுசா ஒரு ஆள்கிட்ட சொன்னது அதுதான் முதல் தடவையாம். பாட்கிட்ட நூறு தடவ ஹார்ட் பத்தி கேட்டவரு அப்பாவ பத்தி ஒரு வரி எழுதல, அதுவும் அவர கேக்கல.

செப்டம்பர்ல மோட்டார்ல பாலம். நவம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழம கூட்டமில்லாதப்ப தண்ணீர்மலை ஏறினாரு, பொண்ணு பாதி நடந்துச்சு பாதி தூக்கினாரு. டிசம்பர் நிலவரம்: தூக்கம் ஆறு மணி நேரம், பேனிக் மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு வருது, வந்தா உக்காந்து கடத்திடுறாரு. செர்ட்ராலின் தொடருது, எப்ப குறைக்கிறதுன்னு டாக்டர்தான் சொல்லணும். சிபிடிக்கு அக்டோபர்ல கூப்பிட்டாங்க, போயிக்கிட்டிருக்காரு. பாட் இன்னும் போன்ல இருக்கு, மெஷின் மேனுவல் புரியலன்னா கேக்குறாரு. வாரத்துல ஒருக்கா ரெண்டு தடவ உடம்பப் பத்தியும் கேட்டுடுறாருன்னு மனைவி சொல்றாங்க.

## என்ன மாத்தினோம்

ஏஐயே ஆகாதுன்னு நாங்க முடிவு பண்ணல. டார்ட்மத் யுனிவர்சிட்டி தெராபாட்னு இதுக்காகவே கட்டின ஒண்ண வச்சு சோதன பண்ணி 2025 மார்ச்ல வெளியிட்டாங்க, மனச்சோர்வு இருந்தவங்களுக்கு நல்லாவே கொறஞ்சுச்சு, ஆனா அதுல ஆளுங்க பின்னாடி உக்காந்து மெசேஜ கண்காணிச்சாங்க. எல்லாத்துக்கும் பதில் சொல்ற பொது பாட்ட ராத்திரி தனியா வச்சிக்கிட்டு இருக்கிறதும் அதுவும் ஒண்ணு இல்ல. அமெரிக்காவுல இல்லினாய் மாநிலம் 2025 ஆகஸ்ட்ல ஏஐ மட்டும் தெரபி பண்ணக்கூடாதுன்னு சட்டமே போட்டுச்சு, இங்க அந்த பேச்சு வர்றதுக்குள்ள நம்ம ஆளுங்க எத்தனையோ பேரு பேசி முடிச்சிருப்பாங்க.

எங்க பக்கம் மாத்தினது சின்ன விஷயம்தான். பயம், பதட்டம்னு வர்றவங்க வீட்டு ஆள ஒருத்தர மொத சந்திப்புலயே கூட்டிட்டு வரச்சொல்றோம், ஏன்னா ஆறுதல் எங்கிருந்தெல்லாம் வருதுன்னு ஒருத்தர் மட்டும் சொன்னா தெரியாது. மாத்திரை ஆரம்பிச்சவங்கள மொத வாரத்துலயே கூப்பிட்டு பேசுறோம், இல்லன்னா அந்த நாலாவது நாள் ராத்திரில பாட் முந்திக்கும். படிவத்துல புகை, குடி கேக்குற எடத்துக்கு கீழ ஒரு கேள்வி சேர்த்தோம், மனசு சரியில்லாதப்ப போன்ல ஏஐகிட்ட பேசுவீங்களா, எத்தன மணிக்கு, பேசி முடிச்சப்புறம் எவ்வளவு நேரம் நிம்மதியா இருக்கும்னு. சாட்ட காட்டுங்கன்னா முக்கால்வாசி பேரு மாட்டேன்னுதான் சொல்றாங்க, நாங்க வற்புறுத்துறதில்ல. மணி எத்தனன்னும் நிம்மதி எத்தன நிமிஷம்னும் சொன்னாலே பாதி விஷயம் புரிஞ்சிடுது.